பெருந்தொற்றுக் காலத்தில் பிரதேச சபையும் நமது தோட்டமும்

(தோட்டப் பிள்ளைக்காம்பரா மண்டபத்தில் நடந்த மாதாந்த நலன்புரிக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், விறகுக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். இத்தனை வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டத்தில் கீழ் டிவிசன் அக்கா ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "2025 மே மாதம் பிரதேச சபைக்கு ஓட்டுப் போட்டோம். அதுக்கு முன்னாலயும் 2018லே போட்டோம். இந்தச் சபை நமக்கு என்னதான் செய்யும்? தோட்டத்துக்குள்ள வருமா வராதா? அதைச் சொல்லுங்க வெல்பெயார் ஐயா" என்றார். அன்றைக்கு நேரம் போதவில்லை. இன்று அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஆகையால் நாம் எல்லோரும் சேர்ந்து அனுபவித்த ஒரு காலத்தை வைத்தே சொல்லுகிறேன். அதுதான் கொரோனா காலம்.

அந்தக் காலத்தில் சபையும் தடுமாறியது, தோட்டமும் தடுமாறியது. நானும் தவறினேன். அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

யார் யார் என்ன வேலை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம்மில் பலருக்கு கிராம சேவகர், பி.எச்.ஐ. ஐயா, சபை மெம்பர், தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, நலன்புரி ஐயா, எல்லோரும் ஒரே கந்தோர் ஆட்கள் மாதிரித்தான் தெரியும். அப்படி இல்லை.

கிராம சேவகர் பிரதேச செயலகத்தின் கீழ் வேலை செய்பவர். நிவாரணம், பதிவு, அத்தாட்சிக் கடிதம் எல்லாம் அந்தப் பக்கம். பி.எச்.ஐ. என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதார பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை செய்பவர். தொற்று நோய் வந்தால் வீட்டை அடைப்பதும் திறப்பதும் அவர் பொறுப்பு. பிரதேச சபை வேறு. அது நம் ஓட்டில் வந்த சபை. சந்தை, குப்பை, சிறு பாதைகள், பாதை விளக்கு, குடிநீர், மயானம், வாசிகசாலை, ஊரின் பொதுச் சுகாதாரம், இவைதான் அதன் வேலை. தோட்ட நிர்வாகம் வேறு. நான் வேலை செய்யும் நலன்புரிப் பகுதி வேறு.

கொழும்பு மாதிரியான மாநகர சபைக்கு சொந்தமாகவே ஒரு சுகாதாரப் பகுதி உண்டு. வைத்தியர்களும் பரிசோதகர்களும் அந்தச் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். பிரதேச சபைக்கு அந்த வசதி இல்லை. நோய் என்று வந்தால் சபை சுகாதார வைத்திய அதிகாரியின் கந்தோரோடு சேர்ந்துதான் எதையும் செய்ய முடியும்.

கொரோனா வந்தபோது இந்த நான்கைந்து கந்தோர்களும் ஒரே லயத்து வாசலில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் அவர்கள் ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியதே குறைவு. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

2020 மார்ச்: பட்டியலில் இல்லாத பாட்டி

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் வந்தது. கடை இல்லை, பஸ் இல்லை. ஆனால் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. தேயிலைக்கு அனுமதி இருந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, நம் பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் வாளியும் சவர்க்காரமும் வைத்தோம். பெரட்டில் நெருங்கி நிற்காதீர்கள் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் மாதம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபா கொடுத்தது. பட்டியல் வேண்டும் என்று கிராம சேவகர் கேட்டார். அவர் பிரிவில் மூன்று தோட்டம், இரண்டு கிராமம். ஊரடங்கில் அவரால் ஒவ்வொரு லயமாக ஏறி இறங்க முடியுமா? "நீங்களே எழுதித் தாருங்கள், நாளைக் காலை வேண்டும்" என்றார். நான் தோட்டக் கந்தோருக்குப் போய், செக்ரோலைத் திறந்து வைத்து, ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

இரண்டு நாள் கழித்து ஒரு பாட்டி கந்தோர் வாசலில் வந்து நின்றார். 38 வருஷம் இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். பென்சன் எடுத்துப் பல வருஷம். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை. இரண்டு பேரப் பிள்ளைகள் பாட்டியோடு. மகளுக்கு அங்கே சம்பளம் நின்று போய் இங்கே காசு வரவில்லை. பாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எம் பேரு செக்ரோல்ல இல்லாட்டி நான் இந்தத் தோட்டத்துல இல்லையாய்யா?"

எனக்குப் பதில் வரவில்லை. செக்ரோலில் இருப்பது வேலை செய்கிறவர்களின் பேர். லயத்தில் வாழ்கிறவர்களின் பேர் அல்ல. பென்சன்காரர், கொழும்பில் கடையில் நின்று ஊரடங்குக்கு முதல் நாள் வந்து சேர்ந்த பொடியன்கள், வெளியில் நாள் கூலிக்குப் போகிறவர்கள், ஒருவரும் அதில் இல்லை. மறுநாளே நாலு தாய்மாரையும் இரண்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு லயம் லயமாகப் போனோம். ஒவ்வொரு காம்பராவிலும் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன வருத்தம், அடையாள அட்டை உண்டா என்று எழுதினோம். முன்னால் எழுதிய பட்டியலில் 27 குடும்பம் விடுபட்டிருந்தது. பிந்தியாவது அவர்களில் பெரும்பாலோருக்குக் காசு கிடைத்தது.

அந்தப் பட்டியல் பிறகு பிரதேச சபைக்கும் போனது. நகரத்துச் சந்தை மூடிக் கிடந்தபோது சபை ஒரு லொறியில் மரக்கறி ஏற்றி அனுப்பியது. "எத்தனை குடும்பம், எந்த லயம்" என்று சபை கேட்டபோது, நம்மிடம் பதில் தயாராக இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பட்டியல் இல்லை. அங்கே லொறி சந்தியில் நின்றது. முந்தியவர் வாங்கினார், பிந்தியவர் வெறுங்கையோடு போனார்.

2020 நவம்பர்: ஒரு லயம், ஒரு பீலி

ஒக்டோபர் மாதம் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் இருந்து நோய் மறுபடி பரவியது. தீபாவளி நவம்பர் 14ஆம் திகதி. பெருநாளுக்கு ஆட்கள் ஊருக்குப் போய் நோய் பரவக்கூடாது என்று மேல் மாகாணத்திலிருந்து வெளியேறுவதைத் தடை செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே சில பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடையை மூடிவிட்டு, தங்கும் அறையையும் பூட்டினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? தாய் வீட்டுக்குத்தான் வரும்.

நம் தோட்டத்தில் ஒரு காம்பராவில் அப்படி வந்த பொடியனுக்கு நோய் இருப்பது தெரிய வந்தது. அவனை சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். வீட்டாரை 14 நாள் தனிமைப்படுத்தச் சொல்லி பி.எச்.ஐ. ஐயா கதவில் அறிவித்தல் ஒட்டினார். அவர் பேரில் பிழை இல்லை. சட்டத்தில் உள்ளதைச் செய்தார். ஆனால் நம் லயத்தை யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு காம்பரா. ஒரே கூரை. ஒரே பீலி. கக்கூசும் பங்குக்கு. ஒரு காம்பராவை மட்டும் எப்படித் தனிமைப்படுத்துவது? அந்த வீட்டு அம்மா தண்ணீருக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா இரவு ஒரு மணிக்கு, ஆட்கள் தூங்கின பிறகு, பீலிக்கு வந்து தண்ணீர் பிடித்தார். அதை நான் கேள்விப்பட்டபோது நெஞ்சு கனத்தது. நாம் ஒருவருக்கொருவர் அப்படி நடக்கிற ஆட்கள் இல்லை. பயம் அப்படி நடக்க வைத்தது.

அப்போது ஒரு நல்ல காரியமும் நடந்தது. சபை மெம்பர் ஒருவர் நம் தோட்டத்துப் பிள்ளை. அவரிடம் சொன்னோம். அவர் தவிசாளரிடம் பேசினார். பி.எச்.ஐ. ஐயா இடம் பார்த்துச் சொன்னார். நிர்வாகம் சரி என்றது. ஆயிரம் லீட்டர் தாங்கி இரண்டை சபை கொடுத்தது. தோட்டத்து இளைஞர்கள் மேல் ஊற்றிலிருந்து பைப் இழுத்து, அடைத்த வீட்டின் பின்பக்கம் ஒரு தனிக் குழாய் வைத்தார்கள். எல்லாம் ஒன்றரை நாளில் முடிந்தது. பிறகு மற்ற லயங்களில் அடைத்தபோதும் அதே தாங்கிகளை மாற்றி மாற்றி வைத்தோம்.

இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று இத்தனை காலமும் சொன்னார்கள். நாம் ஓட்டுப் போடலாம், நம் ஆள் மெம்பராகலாம், தவிசாளராகக்கூட வரலாம். ஆனால் நம் லயத்துக்கு ஒரு குழாய் போட சபையால் முடியாது. இந்தத் தடையை 2018ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் திருத்தினார்கள். அதே காலத்தில்தான் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ சபையிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா சபையிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை என்றும் புதிய சபைகள் பிரிந்தன. கொரோனா அந்தத் திருத்தம் வருவதற்கு முன் வந்திருந்தால், அந்த இரண்டு தாங்கியும் தோட்ட எல்லைக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

2021 ஆகஸ்ட்: கீழ் டிவிசன் பாதை

இனி நான் சொல்லப் போவது எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம்.

2021 ஏப்ரல் புதுவருஷத்துக்குப் பிறகு வந்த அலைதான் பெரிய அலை. ஆகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 1ஆம் திகதி வரை நாடு மறுபடி அடைத்துக் கிடந்தது. தடுப்பூசி வந்திருந்தது. ஆனால் எல்லோருக்கும் போட்டு முடியவில்லை. சிலர் பயத்தில் போடாமல் இருந்தார்கள். ஊசி போட்டால் இரண்டு வருஷத்தில் செத்துப் போவோம் என்று போனில் வந்த கதையை நம்பினவர்கள் நம் தோட்டத்திலும் உண்டு. அடையாள அட்டை இல்லை, திருப்பி அனுப்பி விடுவார்கள் என்று வெட்கப்பட்டு வராதவர்களும் உண்டு.

அந்த மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். கீழ் டிவிசனிலிருந்து போன் வந்தது. ஒரு அம்மாவுக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. 1990க்கு அழைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் அரை மணித்தியாலத்தில் சந்திக்கு வந்துவிட்டது. ஆனால் சந்தியிலிருந்து கீழ் டிவிசனுக்கு ஒன்றரை கிலோமீட்டர். மழையில் பாதை அரித்து வாய்க்காலாகக் கிடந்தது. அம்புலன்ஸ் இறங்க முடியாது. ஆறு இளைஞர்கள் முகக்கவசத்துக்கு மேல் துணியையும் கட்டிக்கொண்டு, கம்பளியைக் கம்பில் கட்டி, அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை, இருட்டு, ஏற்றம். ஐம்பது நிமிஷம் எடுத்தது. வழியில் இரண்டு தரம் இறக்கி வைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலமானார்.

பாதைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நோய் அந்த மாதத்தில் எத்தனையோ பேரைக் கொண்டு போனது. நம் நாட்டில் மட்டும் 16,800க்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயில் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. ஆனால் இதையும் நான் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு, சட்டம் திருத்தின மறுவருஷம், கீழ் டிவிசன் தாய்மார் சங்கம் 63 பேரிடம் கையெழுத்து வாங்கி, இந்தப் பாதையைத் திருத்தித் தரும்படி சபைக்கு ஒரு கடிதம் எழுதியது. அதைக் கொண்டு போனது நான். சபையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நிலம் கம்பனிக் குத்தகையில் இருக்கிறது. நிர்வாகத்தின் இணக்கக் கடிதத்தோடு வாருங்கள், வரவு செலவுத் திட்டத்தில் போடலாம்" என்றார்கள். நான் நிர்வாகத்திடம் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். பிறகு துரை மாற்றலாகிப் போனார். பிறகு கொரோனா வந்தது. கடிதம் என் பைலுக்குள் இருந்தது.

சபையையும் குறை சொல்லலாம், நிர்வாகத்தையும் குறை சொல்லலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நடந்து கடிதத்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பது என் வேலை. அதை நான் செய்யவில்லை. அந்த அம்மாவின் மகன் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதைச் சொல்ல அவரிடம் முன்பே அனுமதி கேட்டேன். "சொல்லுங்க ஐயா. அடுத்தவங்களுக்காவது உதவட்டும்" என்றார்.

அந்த அம்மாவுக்கு நாம் முறையாகக் காரியம் செய்யவும் முடியவில்லை. நம் தோட்டத்து மயானத்தில் அவர் புருஷனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய அனுமதி இல்லை. நகரத்துத் தகனசாலையில், சட்டப்படி, இரண்டு மூன்று பேர் தூர நின்று பார்க்க, முடித்தார்கள். அந்தத் தகனசாலையை நடத்தியதும் ஒரு உள்ளூராட்சி சபையின் ஊழியர்கள்தான். மற்றவர்கள் கிட்ட வரப் பயந்த நேரத்தில் அவர்கள் இரவு பகலாக நின்றார்கள். அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை. குப்பை ட்ரக்டரில் போன தொழிலாளிக்கும் அப்படித்தான்.

மற்ற இடங்களில் சபைகள் செய்தது

மயானம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2020ல் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. முஸ்லிம் மக்களுக்கு அது தாங்க முடியாத வேதனை. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. நாடு முழுவதற்கும் இடம் கொடுத்தது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி. அங்கே மஜ்மா நகரில், கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டது. 2021 மார்ச் முதல் அடுத்த மார்ச் வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டன. இதுவும் நம் சபையைப் போல ஒரு சாதாரணப் பிரதேச சபைதான். பெரிய வருமானம் உள்ள சபை அல்ல. ஆனால் நாட்டின் கண்ணீரைத் துடைக்க அந்தச் சபை முன்வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்த சில நாட்களுக்குள், கிராமப் பஞ்சாயத்துகளும் நகர சபைகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையலறைகளைத் திறந்தன. சமைத்தவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுவினர். அவர்கள் கொரோனாவுக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அல்ல. 1998 முதல் இருந்த குழு. பஞ்சாயத்துக்குச் சொந்தமாகப் பணமும் அதிகாரமும் இருந்தது. கூடச் சேர்ந்து வேலை செய்யப் பெண்கள் குழு இருந்தது. அதனால் வெள்ளம் வந்தபோதும் நோய் வந்தபோதும் உடனே இறங்கினார்கள். நம்மிடமும் தாய்மார் சங்கம் உண்டு. சீட்டுப் பிடிக்கவும் திருவிழாவுக்கும் மட்டும்தானா அது என்று யோசியுங்கள்.

நம் சபைகளின் கஷ்டத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். சந்தை மூடினால் சந்தை வாடகை இல்லை. கடை மூடினால் வியாபார உத்தரவுப் பணம் பிந்தும். வருமானம் விழுந்த அதே நேரத்தில் மருந்து தெளிக்க, தண்ணீர் பவுசர் அனுப்ப, உலருணவு கொடுக்க, செலவு கூடியது. என்ன செய்ய வேண்டும் என்ற சுற்றறிக்கை கொழும்பிலிருந்து வரும். எந்த லயத்தில் தண்ணீர் இல்லை என்பது கொழும்புக்குத் தெரியாது. சபை மெம்பருக்குத்தான் தெரியும்.

சிலர் கேட்பார்கள், "தோட்டத்து ஆட்கள் சபைக்கு வரி கட்டுவதில்லையே, பிறகு என்ன உரிமை?" என்று. அதற்கும் பதில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி என்று ஒன்று உண்டு. அந்தக் காணியில் உழைப்பவர்கள் நாம். சந்தைக் கடைக்காரர் சபைக்குக் கட்டும் வாடகை, நாம் வாங்கும் கரட்டிலும் கருவாட்டிலும்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இந்த நாட்டின் பிரஜைகள். அந்த ஒரு வார்த்தைக்காக நம் பெரியவர்கள் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் என்று வீட்டில் உள்ள தாத்தா பாட்டியைக் கேளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியவை

உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதம் கொரோனாவின் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. நோய் முடிந்ததும் நாமும் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம். மறக்கக்கூடாது. இன்னொரு நோய் வரலாம். மலைநாட்டில் மண்சரிவு எந்த மழையிலும் வரலாம். ஆகையால் ஐந்து விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, லயப் பட்டியல். ஒவ்வொரு காம்பராவிலும் வாழ்கிற ஆட்கள் எல்லோருடைய பேரும் அதில் இருக்க வேண்டும். செக்ரோலைப் பார்த்து எழுதக்கூடாது. கர்ப்பிணித் தாய், கைக்குழந்தை, படுக்கையில் இருப்பவர், நீரிழிவு, பிரஷர், இழுப்பு உள்ளவர் யார் என்று குறித்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாய்மார் சங்கம் திருத்த வேண்டும். ஒரு பிரதி என்னிடம், ஒன்று டிஸ்பென்சரியில், ஒன்று கிராம சேவகரிடம். வருத்த விபரம் மற்றவர்கள் பார்க்கிற மாதிரிச் சுவரில் ஒட்டக்கூடாது. அது அவரவர் மானம்.

இரண்டாவது, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும். இல்லாதவர்கள் வெட்கப்படாமல் என்னிடம் வாருங்கள். பிள்ளைக்கு 15 வயது முடிந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலையை விட்ட பிள்ளைகள்தான் இதில் அதிகம் விடுபடுகிறார்கள்.

மூன்றாவது, சபைக்கு எழுத்தில் கேளுங்கள். மெம்பரை வழியில் கண்டு சொல்வது போதாது. கடிதம் எழுதி, பிரதி வைத்து, ஒப்புக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சபை அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தை வருஷக் கடைசியில் நிறைவேற்றுகிறது. ஆகையால் செப்டெம்பர் மாதத்துக்கு முன் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும். டிசம்பரில் கொடுத்தால் அடுத்த டிசம்பர்தான். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எங்கள் கடிதத்துக்கு என்ன நடந்தது" என்று கேட்கலாம். இது சண்டை பிடிப்பது அல்ல. சட்டம் தந்த உரிமை.

நான்காவது, சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மாதக் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். நாலு பேர் போய் உட்கார்ந்தாலே நம் மெம்பர் எழுந்து பேசுவார். பெண்களுக்கு சபைகளில் 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து உண்டு. பெண் மெம்பர்களிடம் பேசுங்கள். பீலியின் கஷ்டம் குடம் தூக்குகிறவருக்குத்தான் விளங்கும்.

ஐந்தாவது, இது நமக்குள். நோய் வந்த வீட்டை ஒதுக்காதீர்கள். தூர நில்லுங்கள், முகத்தை மூடுங்கள், கையைக் கழுவுங்கள். ஆனால் வாசலில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வைத்துவிட்டு, "அக்கா, இருக்கு, எடுத்துக்கங்க" என்று ஒரு குரல் கொடுங்கள். இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் பிடிக்கும் நிலை இனி ஒரு தாய்க்கும் வரக்கூடாது.

கடைசியாக கீழ் டிவிசன் பாதை. அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினோம். இம்முறை 91 கையெழுத்து. முதல் கையெழுத்து அந்த அம்மாவின் மகனுடையது. நிர்வாகத்தின் இணக்கக் கடிதமும் கையில் இருக்கிறது. மேலே சந்தியிலிருந்து 400 மீட்டருக்கு சபை கொங்கிரீட் போட்டு முடித்திருக்கிறது. மீதி அடுத்த திட்டத்தில் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எழுத்தில் தந்திருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். ஒன்றரை கிலோமீட்டரில் 400 மீட்டர். சந்தோஷப்பட இது போதாது. சும்மா இருக்கவும் கூடாது.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு நான் போகிறேன். என்னோடு நாலு பேர் வர வேண்டும். ஒருவர் கீழ் டிவிசன், ஒருவர் மேல் டிவிசன், மற்ற இருவரும் தாய்மார். அரைப்பேர் போகுமே என்று பயப்பட வேண்டாம், நிர்வாகத்திடம் நான் பேசியிருக்கிறேன். பேர் கொடுப்பவர்கள் போகும்போது பிள்ளைக்காம்பரா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

"சபை தோட்டத்துக்குள்ள வருமா?" என்று கேட்ட அக்காவுக்கு என் பதில் இதுதான். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கூப்பிட்டால் வரும். கூப்பிட வேண்டியது நாம்.